பயந்து நடுங்க வேண்டிய காட்சியில் ஊரே சிரித்தது: 1980-ல் லண்டன் ‘மெக்பெத்’ சொதப்பியது எப்படி?

1980 செப்டம்பர் 3. லண்டனின் ஓல்டு விக் தியேட்டர். ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ நாயகன் பீட்டர் ஓ'டூல் பல வருடங்களுக்குப் பிறகு லண்டன் மேடையில் ஏறுகிறார். நாடகம், ஷேக்ஸ்பியரின் ‘மெக்பெத்’. அரங்கில் காலி இருக்கை இல்லை. விமர்சகர்கள் மொத்தப் பேரும் ஆஜர்.

தூங்கிக்கொண்டிருக்கும் ராஜாவைக் குத்திக் கொன்றுவிட்டு மெக்பெத் மேடைக்குத் திரும்பி வரும் இடம் வருகிறது. நாடக இலக்கியத்திலேயே ரொம்பப் பயங்கரமான சில நிமிடங்களில் இதுவும் ஒன்று. ஓ'டூல் தலையிலிருந்து கால்வரை ரத்தம் சொட்டச் சொட்ட வந்து நிற்கிறார். காரியத்தை முடித்துவிட்டேன் என்று மனைவியிடம் சொல்கிறார்.

அரங்கம் சிரிக்கிறது. நமுட்டுச் சிரிப்பு இல்லை, வாய்விட்டே சிரிக்கிறார்கள்.

மறுநாள் பத்திரிகைகளில் வந்த விமர்சனங்கள் அந்த நாடகத்தைக் கிழித்துத் தொங்கவிட்டன. ஓ'டூல் எல்லா வரியையும் ஒரே மாதிரி உரத்த குரலில் குரைப்பதுபோலச் சொல்கிறார் என்றார்கள். ‘அப்சர்வர்’ விமர்சகர், இவர் இந்த நாடகத்தின் மீது ஏதோ தனிப்பட்ட பழியைத் தீர்த்துக்கொள்வதுபோலத் தெரிகிறது என்று எழுதினார். 40 வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் பிரிட்டனில் ‘மோசமான ஷேக்ஸ்பியர்’ என்று பேச்சு எடுத்தால், இன்றைக்கும் முதலில் வரும் பெயர் இதுதான்.

திறமையில்லாத ஆட்கள் சேர்ந்து ஒரு நாடகத்தைச் சொதப்பினால் அதில் பேச ஒன்றுமில்லை. இங்கே அப்படி இல்லை. பெரிய நடிகர், பெரிய தியேட்டர், 370 வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் நாடகம். எல்லாம் சரியாக இருந்தும் எங்கே பிசகியது?

முதலில் கதை, சுருக்கமாக

‘மெக்பெத்’ சுமார் 1606-ல் எழுதப்பட்டது. ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களிலேயே இதுதான் சின்னது; ‘ஹாம்லெட்’டில் கிட்டத்தட்டப் பாதி நீளம்தான். ஸ்காட்லாந்துத் தளபதி மெக்பெத்திடம் மூன்று சூனியக்காரிகள் ‘நீ ராஜா ஆவாய்’ என்கிறார்கள். மனைவி தூண்டிவிட, தன் வீட்டுக்கு விருந்தாளியாக வந்த அரசர் டங்கனை அவன் கொல்கிறான். ஒரு கொலையை மறைக்க இன்னொரு கொலை, அதை மறைக்க மற்றொன்று. நண்பன் பாங்க்வோவின் பேய் விருந்தில் வந்து உட்காருகிறது. மனைவி தூக்கத்தில் நடந்துகொண்டே கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள். கடைசியில் இருவருமே சாகிறார்கள்.

இதைப் படிக்காதவர்களுக்கும் கதை தெரிந்திருக்க வாய்ப்பு உண்டு. விஷால் பரத்வாஜின் ‘மக்பூல்’ இந்தக் கதைதான். சூனியக்காரிகளுக்குப் பதில் அங்கே இரண்டு போலீஸ்காரர்கள். 2021-ல் ஓடிடி-யில் வந்த ஃபகத் ஃபாசிலின் ‘ஜோஜி’யும் இதிலிருந்து கிளம்பியதுதான்.

யார் யார் இருந்தார்கள்?

ஓல்டு விக் சாதாரண தியேட்டர் இல்லை. தேம்ஸ் நதியின் தென்பக்கம், வாட்டர்லூ பகுதியில் 1818-ல் திறக்கப்பட்ட அரங்கம். பிரிட்டனின் நேஷனல் தியேட்டர் தனக்கென்று கட்டடம் கிடைக்கும்வரை, 1963 முதல் 1976 வரை, இங்கேதான் குடியிருந்தது. அந்த நேஷனல் தியேட்டரின் முதல் நாடகம் ‘ஹாம்லெட்’. இயக்கம் லாரன்ஸ் ஒலிவியே. ஹாம்லெட்டாக நடித்தவர் இதே பீட்டர் ஓ'டூல்!

ஆக, 1980-ல் அவர் திரும்பி வந்தது தன் பழைய வீட்டுக்கு. நடுவில் குடியும் அதனால் வந்த கடுமையான உடல்நலக் கோளாறும் அவரைப் புரட்டிப் போட்டிருந்தன. பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு மீண்டு வந்தவர். ‘ஓ'டூல் இஸ் பேக்’ என்று காட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்குமா?

தியேட்டர் தரப்புக்கும் அவர் தேவைப்பட்டார். நேஷனல் தியேட்டர் காலி செய்துபோன கட்டடத்தில் அப்போது ஓல்டு விக் கம்பெனி என்ற குழு இயங்கிக்கொண்டிருந்தது. முன்பு ப்ராஸ்பெக்ட் என்ற பெயரில் ஊர் ஊராகப் போய் நாடகம் போட்டவர்கள்தான் அவர்கள். கலை இயக்குநராகப் புதிதாகப் பொறுப்பேற்றிருந்தவர் நடிகர் டிமதி வெஸ்ட். டிக்கெட் விற்க ஒரு நட்சத்திரம் வேண்டும். ஓ'டூல் சம்மதித்தார். ஆனால் தன் நாடகத்தில் கலை சம்பந்தமான முடிவு எல்லாம் தன் கையில்தான் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

இந்த ஒரு விஷயத்தை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இயக்குநராக ஓ'டூல் கொண்டுவந்தவர் பிரயன் ஃபோர்ப்ஸ். ‘விசில் டவுன் தி விண்ட்’, ‘தி ஸ்டெப்ஃபோர்ட் வைவ்ஸ்’ போன்ற படங்களை எடுத்தவர். நல்ல சினிமாக்காரர். லேடி மெக்பெத்தாக ஃபிரான்ஸிஸ் டொமெல்டி. பாங்க்வோவாக, இடிக்குரலுக்குப் பேர்போன பிரயன் பிளெஸ்ட். குறை சொல்ல முடியாத அணிதான்.

ரத்தம் கூடினால் ஏன் சிரிப்பு வருகிறது?

முதலில் ஷேக்ஸ்பியர் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்கலாம். டங்கன் கொலை மேடையில் நடப்பதே இல்லை. கத்தி இறங்குவதை யாரும் பார்ப்பதில்லை. மனைவி வெளியே காத்திருக்கிறாள், ஆந்தை அலறுகிறது, புருஷன் திரும்பி வருகிறான். இருவரும் கிசுகிசுப்பாக, துண்டு துண்டாகப் பேசுகிறார்கள். என்ன சத்தம்? நீ கூப்பிட்டாயா? எப்போ? இப்பவா? அவ்ளோதான் வசனம். அந்தத் தயக்கத்தில்தான் பயமே இருக்கிறது.

ரத்தம் எங்கே இருக்கிறது? கைகளில். வசனம் திரும்பத் திரும்பப் பேசுவது கைகளைப் பற்றித்தான். மெக்பெத் தன் கையைப் பார்த்து, கடல் முழுக்க ஊற்றினாலும் இது போகுமா என்று பதறுகிறான். அவளோ, கொஞ்சம் தண்ணீர் போதும், கழுவினால் போய்விடும் என்கிறாள். ரொம்ப சாதாரணமாக, பாத்திரம் கழுவுவதைப் பற்றிச் சொல்வதுபோல.

நாடகத்தின் கொக்கி அந்த வரியில் இருக்கிறது. கடைசி அங்கத்தில், ராணியாகிவிட்ட அதே பெண், சுத்தமான கையைக் கழுவு கழுவு என்று கழுவுகிறாள். கறை போகவே மாட்டேன் என்கிறது. ‘கொஞ்சம் தண்ணீர் போதும்’ என்றவளுக்கு இப்போது எந்தத் தண்ணீரும் போதவில்லை. இந்த இரண்டு காட்சிகளும் ஒன்றை ஒன்று இழுத்துக் கட்டியிருக்கின்றன.

இப்போது ஓ'டூலைப் பாருங்கள். உச்சந்தலையிலிருந்து ஒழுகுகிறது. பக்கத்தில் நிற்கும் மனைவி, கொஞ்சம் தண்ணீரில் கழுவினால் சரியாகிவிடும் என்கிறாள். சிரிக்காமல் எப்படி இருப்பது? ஒரு குடம் தண்ணீரே பத்தாதே!

கதையும் உதைக்கிறது. வாசல் கதவை யாரோ தட்டுகிறார்கள். நைட் கவுன் மாட்டிக்கொண்டு, தூங்கி எழுந்ததுபோல வா என்று மனைவி அவசரப்படுத்துகிறாள். கையில் மட்டும் ரத்தம் என்றால் இது நடக்கக்கூடிய காரியம். குளித்தெழுந்ததுபோல ரத்தத்தில் நிற்கும் ஒருவர் சில நிமிடங்களில் எதுவும் நடக்காததுபோல எப்படி வந்து நிற்பார்? பார்வையாளர் இதை உட்கார்ந்து யோசிப்பதில்லை. மனசு தானாகக் கணக்குப் போட்டுவிடுகிறது. விடை சிரிப்பாக வெளியே வருகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே சிரிக்க ஷேக்ஸ்பியரே ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார். கதவு தட்டப்பட்டதும் குடிபோதையில் ஒரு வாயிற்காவலன் தள்ளாடிக்கொண்டு வந்து, தான் நரகத்தின் வாசலைக் காவல் காப்பதாகக் கற்பனை செய்துகொண்டு கொச்சையாக ஜோக் அடிக்கிறான். ரத்தம் உறையும் காட்சிக்குப் பின்னால் இந்தக் குடிகாரன் எதற்கு என்று பல காலம் ஆட்கள் முகம் சுளித்தார்கள். 1823-ல் தாமஸ் டி குவின்சி என்ற எழுத்தாளர் அந்தக் கதவுத் தட்டலைப் பற்றி மட்டுமே ஒரு கட்டுரை எழுதினார். கொலை நடக்கும்போது சாதாரண உலகம் நின்றுபோகிறது. தட்டும் சத்தத்தில்தான் அது மறுபடி ஓட ஆரம்பிக்கிறது, அப்போதுதான் நடந்துபோன பயங்கரம் நமக்கு உறைக்கிறது என்பது அவர் வாதம்.

அதாவது அதுவரை பார்வையாளர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். பிடித்த மூச்சை விடத்தான் காவலன் வருகிறான். ஓல்டு விக்கில் ஐந்து நிமிடம் முன்பாகவே அரங்கம் மூச்சை விட்டுவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் காவலன் பாவம், யாரைச் சிரிக்க வைப்பான்?

1611-ல் லண்டனின் க்ளோப் தியேட்டரில் இந்த நாடகத்தைப் பார்த்த சைமன் ஃபோர்மன் என்ற ஜோதிடர், பார்த்ததைக் குறிப்பாக எழுதி வைத்திருக்கிறார். ‘மெக்பெத்’தை நேரில் பார்த்த ஒருவர் எழுதியதில் நம் கைக்குக் கிடைத்த மிகப் பழைய குறிப்பு அதுதான். கொலைக்குப் பிறகு அவர் மனதில் நின்ற விஷயம் என்ன தெரியுமா? புருஷன் பெண்டாட்டி இருவர் கையிலும் இருந்த ரத்தம் எப்படிக் கழுவியும் போகவில்லை என்பது. கைகள்தான்.

இதை அந்தக் காலத்துக்கும் முன்னால் போய்ப் பார்த்தால், கிரேக்கர்களே இதைப் புரிந்து வைத்திருந்தார்கள். ஈடிபஸ் தன் கண்களைக் குத்திக்கொள்வது மேடையில் நடப்பதில்லை. ஒரு பணியாள் வெளியே ஓடி வந்து சொல்கிறான். பார்வைக்கு வைக்கும் ஜோடனைகளால் பயத்தை உண்டாக்குவது மட்டமான வழி, கதையைக் காதால் கேட்டாலே உடம்பு நடுங்க வேண்டும் என்று அரிஸ்டாட்டில் ‘கவிதையியல்’ நூலில் சொல்லிவிட்டார். அது கிட்டத்தட்ட 2,300 வருடத்துக்கு முந்தைய சமாச்சாரம்.

சினிமாவில் இந்தக் கணக்கு வேறு. கேமரா ஒரு விரலைக் காட்டும், ஒரு சொட்டைக் காட்டும், உடனே கட் செய்துவிடும். மேடையில் கட் கிடையாது. ஊற்றிய ரத்தம் காட்சி முடியும்வரை அங்கேயே இருக்கிறது. முதல் ஐந்து நொடி அதிர்ச்சி. பத்தாவது நொடியில் பார்வையாளர் ‘இந்தச் சட்டையை யார் துவைப்பாங்க’ என்று யோசிக்க ஆரம்பித்துவிடுகிறார். சினிமாவில் பழகிய கையோடு ஃபோர்ப்ஸ் மேடைக்கு வந்ததை வைத்துப் பார்த்தால், பிசகு எங்கே தொடங்கியிருக்கும் என்று ஊகிக்க முடிகிறது.

நாலு வருடம் முன்னால், ஒரு தகரக் கொட்டகையில்…

இந்த நாடகத்தை வேறு எப்படிப் போட முடியும் என்பது லண்டன்காரர்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஓல்டு விக் சொதப்பல் அவ்வளவு பெரிதாகத் தெரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

1976-ல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி, ஸ்ட்ராட்ஃபோர்டில் தங்களுக்கு இருந்த ‘தி அதர் ப்ளேஸ்’ என்ற தகரக் கொட்டகையில் ‘மெக்பெத்’ போட்டது. இயக்கம் டிரெவர் நன். மெக்பெத்தாக இயன் மெக்கெல்லன் (ஆமாம், ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ காண்டால்ஃப்தான்), லேடி மெக்பெத்தாக ஜூடி டென்ச். செட் என்று பார்த்தால் தரையில் ஒரு வட்டம். சுற்றிலும் மரப்பெட்டிகள். காட்சியில் இல்லாத நடிகர்கள் அந்தப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து மற்றவர்கள் நடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இடைவேளை கிடையாது. முதல் வரிசை ஆளின் கால் நடிகர் மேல் படும் அளவுக்குச் சின்ன இடம்.

கொலைக்குப் பிறகு மெக்கெல்லனின் கைகளில் ரத்தம் இருக்கிறது. கத்திகளைப் பிடித்திருக்கும் அந்தக் கைகள் நடுங்குகின்றன. கண் வேறு எங்கும் போவதில்லை.

பாங்க்வோவின் பேய் வரும் விருந்துக் காட்சி இன்னும் சுவாரஸ்யம். பேயை மேடையில் காட்டுவதா, வேண்டாமா என்பது ‘மெக்பெத்’ போடும் ஒவ்வொரு இயக்குநரும் எடுத்தாக வேண்டிய முடிவு. 1623-ல் அச்சான முதல் தொகுப்பில் ‘பேய் நுழைகிறது’ என்றே குறிப்பு இருக்கிறது. ஆகவே காட்டுவது தப்பில்லை. காட்டினால் நாம் மெக்பெத்தின் பக்கம். அவன் பார்ப்பதை நாமும் பார்க்கிறோம். காட்டாவிட்டால் விருந்தாளிகளின் பக்கம்; காலி நாற்காலியைப் பார்த்து ராஜா ஏன் கத்துகிறார் என்று புரியாமல் திகைக்கிறோம்.

நன் காட்டவில்லை. மெக்கெல்லன் வெறும் இடத்தைப் பார்த்து வாயில் எச்சில் ஒழுக அலறுகிறார். அந்தப் பேயை ஒவ்வொரு பார்வையாளரும் தன் மனசுக்குள்ளே தயாரித்துக்கொள்ள வேண்டியதுதான். எந்த மேக்கப் கலைஞராலும் அதோடு போட்டி போட முடியாது. ஓல்டு விக்கிலோ பிரயன் பிளெஸ்ட் ரத்தக் களறியாக மேடைக்கே வந்தார். அவர் எவ்வளவு ஆஜானுபாகுவான ஆள் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கேயும் சிரிப்பு.

நன்னின் தயாரிப்பு பின்னர் தொலைக்காட்சிக்காகப் படமாக்கப்பட்டு 1979-ல் ஒளிபரப்பானது. அதற்கு அடுத்த வருடமே ஓ'டூல்! ஒப்பிடாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இதற்காக ‘காசு கம்மியா செலவழிச்சா நல்ல நாடகம்’ என்று முடிவுக்கு வந்துவிடக் கூடாது. அந்தத் தகரக் கொட்டகையில் வேலை செய்தது சிக்கனம் இல்லை, ஒழுங்கு. நடிகர்கள் பல வருடம் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். யாராவது எல்லை தாண்டினால் ‘வேண்டாம்’ என்று சொல்ல ஓர் இயக்குநர் இருந்தார். ஓல்டு விக்கில் அந்த ‘வேண்டாம்’ என்ற வார்த்தையைச் சொல்லும் அதிகாரம் தியேட்டரின் கலை இயக்குநருக்கே இல்லை. அடிக்கோடிட்டு வைத்தோமே, அந்த விஷயம்தான். ஒத்திகையில் ஒரே ஒரு ஆள் ‘சார், இவ்வளவு ரத்தம் வேணாம், சிரிச்சிடுவாங்க’ என்று சொல்லி, அது எடுபட்டிருந்தால் கதையே மாறியிருக்கலாம்.

2018-லும் ஒரு பல்பு

இந்த மாதிரி தடுக்கி விழுவது ஓ'டூலோடு முடிந்துவிடவில்லை. 2018-ல் பிரிட்டனின் நேஷனல் தியேட்டர், தன் பெரிய ஒலிவியே அரங்கில் ‘மெக்பெத்’ போட்டது. இயக்கம் ரூஃபஸ் நோரிஸ். நடிப்பு ரோரி கின்னியர், ஆன்-மரி டஃப். இருவருமே முதல் தர நடிகர்கள். விமர்சனங்கள் படுமோசம்.

இங்கே பிரச்சினை ரத்தம் இல்லை, களம். ஏதோ ஒரு பேரழிவுக்குப் பிந்தைய உலகத்தில் கதை நடப்பதாக வைத்தார்கள். எங்கும் இருட்டு, குப்பை, கிழிந்த கறுப்பு பிளாஸ்டிக். பார்க்க மிரட்டலாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு கேள்வியை அந்த நாடகத்தால் தாண்ட முடியவில்லை. ஏற்கெனவே எல்லாம் நாசமாகிப்போன ஊரில் ராஜாவாகி என்ன செய்யப் போகிறார் மெக்பெத்? டங்கன் நல்ல அரசன், நாடு ஒழுங்காக இருந்தது, விருந்தோம்பல் என்று ஒரு தர்மம் இருந்தது. இதெல்லாம் உடைகிறது என்பதுதானே துன்பியல்? உடைவதற்கே ஒன்றும் இல்லாத இடத்தில் கொலை வெறும் செய்தி.

1980-ல் ஒரே காட்சியில் எல்லாவற்றையும் கொட்டினார்கள். 2018-ல் முதல் நிமிடத்திலேயே உலகத்தை முடித்துவிட்டார்கள். இரண்டிலுமே பார்வையாளர் ஏறிப் போவதற்குப் படி இல்லாமல் போனது.

திட்டத் திட்ட ஹவுஸ்ஃபுல்

சரி, இப்படிக் கிழித்த பிறகு ஓ'டூலின் நாடகம் என்ன ஆனது? ஒரே வாரத்தில் பெட்டியைக் கட்டியிருப்பார்கள் என்றுதானே நினைப்போம்?

டிக்கெட் கவுன்டரில் வரிசை நீண்டது. லண்டனில் ஹவுஸ்ஃபுல். அதற்குப் பிறகு வெளியூர் டூர் போன இடத்திலும் கூட்டம். ‘அவ்வளவு மோசமாமே, போய்ப் பார்த்துடணும்’ என்று கிளம்பி வந்தவர்கள் நிறையப் பேர். இன்றைக்கு ஒரு படம் சொதப்பிவிட்டது என்று ட்ரோல் கிளம்பியதும், அதற்காகவே உட்கார்ந்து பார்க்கிற ‘ஹேட் வாட்ச்’ பழக்கம் இருக்கிறதே, அதேதான். இன்டர்நெட் இல்லாத காலத்திலும் மனுஷ மனசு இப்படித்தான் வேலை செய்தது.

ஒரு வித்தியாசம் உண்டு. ஓடிடி-யில் நீங்கள் சிரித்தால் நடிகருக்குக் கேட்காது. மேடையில் கேட்கும். சிரிக்கலாம் என்று தீர்மானித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் கூட்டத்தின் முன்னால், அதே ரத்தத்தோடு, அதே வசனத்தைத் தினமும் சொல்ல வேண்டும். ஓ'டூல் பின்வாங்கவில்லை. நாடகத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடவும் இல்லை. அவருடைய மெக்பெத்தை எவ்வளவு திட்டினாலும் இந்தத் துணிச்சலுக்கு ஒரு சல்யூட் வைக்கத்தான் வேண்டும்.

கூட இருந்தவர்களின் நிலைமைதான் மோசம். ஃபிரான்ஸிஸ் டொமெல்டி என்ன செய்தாலும் அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் செய்தாக வேண்டும். துன்பியலில் ஒரு தடவை அரங்கம் தப்பான இடத்தில் சிரித்துவிட்டால், அடுத்த சிரிப்பு இன்னும் சுலபம். பக்கத்து சீட்டுக்காரரின் தோள் குலுங்குவதை உணர்ந்துகொண்டே தூக்கத்தில் நடக்கும் காட்சியைப் பார்த்து யாரால் கலங்க முடியும்?

கடைசியில் விலை கொடுத்தது யார்?

விமர்சனம் வந்த கையோடு டிமதி வெஸ்ட் இந்த நாடகத்திலிருந்து தன்னைப் பகிரங்கமாக விலக்கிக்கொண்டார். இதில் தனக்குக் கட்டுப்பாடு இல்லை என்பது அவர் நிலைப்பாடு. ஒரு தியேட்டரின் தலைவரே தன் மேடையில் ஓடும் நாடகத்தைக் கைகழுவுவது அபூர்வம். நாடகம் போக, உள் சண்டையும் செய்தி ஆனது.

அந்த வருடம் டிசம்பரில் பெரிய அடி விழுந்தது. அரசுப் பணத்தைக் கலை அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஆர்ட்ஸ் கவுன்சில், பல அமைப்புகளின் மானியத்தை நிறுத்துவதாக அறிவித்தது. அந்தப் பட்டியலில் ஓல்டு விக் கம்பெனியும் இருந்தது.

‘மெக்பெத்’ ஒன்றினால்தான் இந்தக் கதி என்று சொல்லிவிட முடியாது. கவுன்சிலுக்கும் குழுவுக்கும் பழைய உரசல் இருந்தது. ஊர் ஊராகப் போய் நாடகம் போடத்தான் பணம், லண்டனில் கட்டடம் பிடித்து உட்கார அல்ல என்பது கவுன்சிலின் கட்சி. ஆனால் மானியம் தொடரலாமா என்று யோசிக்கும் ஒரு காலகட்டத்தில், நாடே உங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பது நல்லதுக்கில்லை. டிக்கெட் விற்பனை எகிறியும் அது கைகொடுக்கவில்லை. ஒரு நாடகம் ஹவுஸ்ஃபுல் ஆவதும் ஒரு குழு பிழைப்பதும் வேறு வேறு கணக்கு.

1981-ல் குழு மூடப்பட்டது. அதே சீசனில் வெஸ்ட் ஷைலாக்காக நடித்த ‘வெனிஸ் வணிகன்’ என்றொரு நாடகம் இருந்தது என்பதுகூட இன்று பலருக்கு நினைவில்லை. ரத்தத்தில் குளிக்காத நடிகர்கள், செட் தூக்கியவர்கள், உடை தைத்தவர்கள் எல்லோருக்கும் சேர்ந்தே வேலை போனது. அவர்களைப் பற்றி யாரும் ஜோக் அடித்ததாகத் தெரியவில்லை. ஓல்டு விக் கட்டடத்தை 1982-ல் எட் மெர்விஷ் என்ற கனடா தொழிலதிபர் விலைக்கு வாங்கி, புதுப்பித்து, அடுத்த வருடம் திறந்தார்.

நடிகர்கள் மத்தியில் இதற்கெல்லாம் தயாராக ஒரு விளக்கம் உண்டு: சாபம். ‘மெக்பெத்’ என்ற பெயரைத் தியேட்டருக்குள் உச்சரிக்கவே கூடாது, ‘அந்த ஸ்காட்லாந்து நாடகம்’ என்றுதான் சொல்ல வேண்டும் என்பது பிரிட்டிஷ் நடிகர்களின் நம்பிக்கை. 1937-ல் இதே ஓல்டு விக்கில் ஒலிவியேயின் ‘மெக்பெத்’ தொடங்கவிருந்த நேரத்தில், தியேட்டரை வளர்த்தெடுத்த லிலியன் பேலிஸ் காலமானதை ஆதாரம் காட்டுவார்கள். ஓ'டூலும் இதை நம்பியவர்தான். ஹாரி லாடர் என்ற பழைய ஸ்காட்லாந்துப் பாடகரின் பெயரைச் சொல்லித்தான் நாடகத்தைக் குறிப்பிடுவாராம். பெயரைச் சொல்லாமல் அவ்வளவு கவனமாக இருந்தவர், ரத்த வாளி விஷயத்தில் கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாம்.

ஓ'டூலுக்கு இது முடிவாக அமையவில்லை. 1982-ல் ‘மை ஃபேவரைட் இயர்’ படத்தில், குடித்துவிட்டு வேலையைக் கெடுக்கும் பழைய சினிமா ஹீரோவாக வந்து தன்னையே கிண்டல் செய்துகொண்டார். அதற்கு ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. 1989-ல் லண்டனில் ‘ஜெஃப்ரி பெர்னார்ட் இஸ் அன்வெல்’ என்ற நகைச்சுவை நாடகம். இரவில் ஒரு மதுக்கடைக்குள் பூட்டப்பட்டுவிட்ட பத்திரிகையாளர் தன் வாழ்க்கையை நினைத்துப் பார்க்கும் கதை. பெரிய வெற்றி. 10 வருடம் கழித்து, 1999-ல், அதே நாடகத்தை அவர் மறுபடியும் போட்டார். இந்த முறை இடம், ஓல்டு விக்.